துணியைத் தொடாதவள்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். அண்ணனுக்கு வாய்த்தவள் பெரியவள், தம்பிக்கு வாய்த்தவள் சின்னவள். பெற்றவர்கள் வைத்த பெயர் இருவருக்கும் உண்டுதான். அடையாள அட்டையைத் தவிர அது வேறெங்கும் புழங்குவதில்லை. வீட்டில் பெரியவள் வைத்ததுதான் சட்டம். அலமாரிச் சாவி அவள் இடுப்பில் தொங்கும். இன்றைக்கு என்ன சமையல், எவ்வளவு உப்பு, யார் முதலில் குளிப்பது, எல்லாமே அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே டயர் கடையில் வேலை பார்க்கும் வாயில்லாப் பூச்சிகள். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள்.

காலை ஏழரைக்கு ஓரகத்திகள் இருவரும் ஒன்றாகக் கிளம்பி, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே சலவைக் கூடத்துக்குப் போவார்கள். கேட்டைத் தாண்டினால் உலகம் தலைகீழ். சின்னவள் பையிலிருந்து பச்சைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வாள். பெரியவள் நீலக் கோட்டை மாட்டிக்கொள்வாள். நீலம் என்றால் வேலை செய்கிறவள். பச்சை என்றால் மேற்பார்வையாளர். கூடத்தில் நீலக் கோட்டு பதினொன்று, பச்சைக் கோட்டு ஒன்றே ஒன்று.

"அக்கா, ரெண்டாம் உருளைக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரி விரிப்பு முதல்ல போகட்டும்" என்பாள் சின்னவள். அந்த 'அக்கா'தான் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதட்டினாலாவது திருப்பி அதட்டலாம். மரியாதையாக வேலை வாங்குகிறவளை என்ன செய்வது?

சலவைக் கூடத்தின் உருளை என்றால் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் தாத்தா மாதிரி ஒன்று. இரண்டு ஆள் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடும். முன்பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து, ஒரே நேரத்தில், ஒரே இழுப்பில் உள்ளே கொடுக்கவேண்டும். பின்பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்கவேண்டும். முன்னால் நிற்கும் இருவரில் ஒருத்தி அரை விரல் பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய்ச் சுருங்கி, மடிப்போடு வெந்துவிடும். அப்புறம் யார் தவறு என்று கேட்டால் இவள் அவளைக் காட்டுவாள், அவள் இவளைக் காட்டுவாள். இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் உண்மையாகவே அப்படித்தான் நம்புவார்கள்.

பெரியவளுக்கு அங்கே பத்தொன்பது வருஷம். ஆரம்பத்தில் இஸ்திரி வேலை கூடத்துக்குச் சொந்தமாக இல்லை. பின்கட்டுக் கொட்டகையில் ஒரு குத்தகைக்காரர் ஆள் வைத்து நடத்தினார். முதலாளியம்மா துவைத்து அனுப்புவார், குத்தகைக்காரர் இஸ்திரி போட்டுத் திருப்புவார், உருப்படிக்கு இவ்வளவு என்று பேச்சு. பேப்பரில் படித்தால் அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு விரிப்பில் பழுப்புக் கறை தெரிந்தால் அரை நாள் போகும். "வரும்போதே இருந்த கறை" என்பார் அவர். "நீங்க சுட்டது" என்பார் இவர். அதோடு விட்டால் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வேன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் குத்தகைக்காரருக்கு இடுப்பு வலி வரும். வலி தீர ஒரே மருந்து, உருப்படிக்கு இன்னும் கொஞ்சம் கூட்டித் தருவது. நாலைந்து முறை மருந்து கொடுத்துப் பார்த்த முதலாளியம்மா, ஒருநாள் கொட்டகையையும் உருளையையும் பெண்களையும் மொத்தமாகத் தன் கூரைக்குள் இழுத்துக்கொண்டார். குத்தகைக்காரர் இடுப்போடு வீட்டுக்குப் போனார்.

ஆறு வருஷத்துக்கு முன் சின்னவள் கல்யாணமாகி வந்தாள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை என்றாள். பெரியவள்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டாள். இரண்டாம் உருளையில் இருவரும் ஜோடி. பெரியவள் இடது மூலை, சின்னவள் வலது மூலை. இரண்டு மாதத்தில் அவர்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. ஒருத்தி மூச்சு விட்டால் மற்றவள் கை நகரும். வாய் மட்டும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். புருஷன்மார்களின் குறட்டையை யார் சரியாக நடித்துக்காட்டுவது என்று போட்டி போட்டுச் சிரிக்கும்போதும் விரிப்பு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும்.

போன வருஷம் முதலாளியம்மா ஒரு மேற்பார்வையாளரைப் போடப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. கூடமே பெரியவளைப் பார்த்தது. பெரியவளும் கண்ணாடியில் தன்னைப் பச்சையில் நினைத்துப் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் நிறம் எடுத்துக்காட்டும் என்றுகூடத் தோன்றியது. ஒரு திங்கட்கிழமை காலையில் கோட்டு சின்னவள் தோளில் ஏறியது.

அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல்.

"துணியையே தொடாம நிக்கறதுக்கு ஒரு வேலையாடி?" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்தாள்.

"ரூல் அப்படிக்கா. மேற்பார்வையாளர் துணியைத் தொடக்கூடாதாம். சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்காங்க."

"தொடாம என்ன பண்ணுவ?"

"பாப்பேன்."

"பாக்கறதுக்குச் சம்பளமா! நம்ம வீட்டு ஜன்னலுக்குக்கூடத்தான் பாக்கத் தெரியும்."

சின்னவள் சிரித்துவிட்டாள். அதுவும் எரிந்தது.

அதன் பிறகு பெரியவளின் கண் கோட்டை விட்டு இறங்கவில்லை. சின்னவளுக்கு முதுகு சாய்க்க நாற்காலி உண்டு. உட்காருவதே இல்லை, ஆனாலும் நாற்காலி நாற்காலிதானே. முதலாளியம்மாவின் பிளாஸ்க்கிலிருந்து சின்னவளுக்குத் தனி டீ. வீட்டுக்கு வந்தால் கொடியில் பச்சையும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் காயும். வீட்டுத் துணி முழுக்கப் பெரியவள்தான் இஸ்திரி போடுவாள். புருஷன் கைக்குட்டையைக்கூட விடமாட்டாள். அந்தக் கோட்டு மட்டும் இஸ்திரிப் பெட்டியைத் தாண்டிப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்காதபோது, ஊசி நூல் எடுத்துக் கோட்டுக்கு இருந்த ஒரே பாக்கெட்டை வாயோடு வாயாகத் தைத்துவிட்டாள். பச்சை நூல், பொடித் தையல், வெளியே தெரியவே தெரியாது. மறுநாள் சின்னவள் பேனாவைப் பாக்கெட்டில் செருக, பேனா தரையில் விழுந்தது. மறுபடி செருக, மறுபடி விழுந்தது. கூடமே சிரித்தது. பெரியவளுக்கு அன்று சாப்பாடு இறங்கிற்று.

சின்னவள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

பாக்கெட் குறும்பு ஒரு வாரத்தில் ஆறிப்போனது. அப்போதுதான் பெரியவளுக்குப் பெரிய யோசனை வந்தது. அந்தச் சுவரிலேயே இருந்தது யோசனை. முதலாளியம்மா கைப்பட எழுதிய பதினான்கு விதிகள். நான்காவது, அனுமதி இல்லாமல் உருளையை நிறுத்தக்கூடாது. ஏழாவது, உருளையின் வேகத்தை மாற்றும் முன் மேற்பார்வையாளரைக் கேட்கவேண்டும். பதினான்காவது, எதிலும் சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளரைக் கேட்கவேண்டும். அந்த விதிகளை இதுவரை யாரும் முழுசாகப் படித்ததுகூட இல்லை. பெரியவள் படித்தாள். படித்ததோடு நிற்காமல் நடக்கவும் ஆரம்பித்தாள்.

"மேற்பார்வையாளரே, இந்த விரிப்புல ஓரம் பிரிஞ்சிருக்கு. உள்ள விடலாமா?"

"விடுங்கக்கா."

"மேற்பார்வையாளரே, இது நீலக் கரை, அது கறுப்புக் கரை. சேத்து அடுக்கலாமா?"

"எப்பவும் சேத்துத்தானேக்கா அடுக்குவீங்க."

"எப்பவும் வேற. இப்ப விதி இருக்கே."

இந்த வியாதி தொற்றியது. இரண்டு நாளில் பதினொரு பேரும் கேள்வி கேட்டார்கள். கயிற்றை எத்தனை சுற்று சுற்ற, தண்ணீர் குடிக்கப் போகலாமா, ஈயை விரட்டலாமா. ஒருத்திகூட எந்தத் தவறும் செய்யவில்லை. சொன்னதை மட்டும் செய்தார்கள், அவ்வளவுதான். சொல்லாததை அதுவரை எவ்வளவு செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சின்னவள் உருளைக்கும் மூட்டை கட்டும் மேசைக்கும் நடுவே பம்பரமாகச் சுற்றினாள். வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருந்தது. பெரியவள் ரகசியமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் மதியம் நீராவி இறங்கியது.

பெரியவளுக்கு அது மீட்டரைப் பார்க்காமலே தெரியும். உருளை நல்ல சூட்டில் இருந்தால் விரிப்பு உள்ளே போகும்போது வெந்த வாசனை வரும். சூடு இறங்கினால் பச்சை ஈர வாசனை. பத்தொன்பது வருஷமாக அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவள் கை தானாகப் போய் நெம்புகோலைத் தட்டும். உருளை மெதுவாகும், விரிப்பு கொஞ்சம் அதிக நேரம் உள்ளே கிடக்கும், காய்ந்து வெளியே வரும். யாரையும் கேட்டதில்லை. யாருக்கும் தெரிந்ததும் இல்லை.

அன்றைக்கு மூக்கு சுருங்கியது. கை நெம்புகோல் பக்கம் போனது. பாதி வழியில் ஏழாவது விதி ஞாபகம் வந்தது.

கையைத் தூக்கினாள். சின்னவள் அந்தக் கடைசியில், மூட்டை மேசையில், நான்கு பேர் கேள்விகளுக்கு நடுவில் இருந்தாள். திரும்பிப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், 'இருங்க வர்றேன்' என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நிறுத்தக்கூடாது என்பது நான்காவது விதி. பெரியவள் அடுத்த விரிப்பைக் கொடுத்தாள். கையைத் தூக்கினாள். கொடுத்தாள். தூக்கினாள். பக்கத்தில் வலது மூலையைப் பிடித்திருந்த நெட்டை, "அக்கா, ஈரமா போகுது போலிருக்கே?" என்றாள். சின்னவள் இடத்துக்கு வந்தவள் அவள். பனைமர உயரம், அவள் பிடித்தால் விரிப்பு மாடிப்படி மாதிரிப் போகும்.

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் பெரியவள்.

பின்பக்கம் மடிப்பவர்களும் ஈரத்தைத் தொட்டார்கள்தான். பெரியவளே கேட்டுக்கொண்டு நிற்கும்போது நமக்கென்ன என்று மடித்தார்கள். சின்னவள் வந்து சேர்வதற்குள் தொண்ணூறு விரிப்புகள் மூட்டையாகி வேனில் ஏறிப் போயிருந்தன.

மறுநாள் காலையில் அதே வேன் அதே மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் தள்ளியது. பிரித்தபோது பூஞ்சை நாற்றம். கூடவே ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரரின் இரண்டு வரிக் கடிதம். இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம்.

முதலாளியம்மா இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, திரும்பி வந்த சரக்கை எழுதும் ஒரு தடித்த நோட்டு. அவர் ஒரு காலத்தில் இதே கூடத்தில் மூட்டை எடை போட்டவர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம்.

"யாரும்மா கவனிக்கல?"

பெரியவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். 'நான் கையைத் தூக்கினேன்' என்ற வாக்கியத்தை வழியெல்லாம் நன்றாகத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அது வெளியே வருவதற்குள் சின்னவள் சொல்லிவிட்டாள்.

"நான்தான்மா. அக்கா கூப்பிட்டாங்க. நான் போகல."

அவ்வளவுதான். ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை.

முதலாளியம்மா நோட்டைத் திறந்தார். "பெரியவளே, உன்னை ஏன் அன்னிக்குப் போடலன்னு உனக்கு இன்னும் எரியுது இல்ல?"

பெரியவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"உன் கை மாதிரி இன்னொரு கை இந்தக் கூடத்துல இல்ல. உன்னைத் தூக்கி நிக்க வெச்சா உருளைக்கு யாரு? இவ கை சுமார். இவளைத் தூக்கினா நஷ்டம் கம்மி. அவ்வளவுதான் கணக்கு."

சின்னவள் அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோட்டின் தைத்த பாக்கெட்டை விரலால் தடவிக்கொண்டாள்.

"துணியைத் தொடாம ஒருத்தி எதுக்குன்னு நீ எல்லார்கிட்டயும் கேக்கறியாம். ரெண்டு பேர் ஒரு துணியைப் புடிச்சா யாரு கை தளர்ந்துச்சுன்னு புடிச்சவளுக்கே தெரியாது. தள்ளி நிக்கறவளுக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் அவ. அதோட, நான் பதினாலு விதி எழுதலாம், நாப்பது எழுதலாம். நீராவி எந்த நேரத்துல இறங்கும்னு எழுத முடியுமா? எழுத முடியாததைச் சொல்ல ஒரு வாய் வேணும்."

"அப்ப உங்களை யாரும்மா பாக்கறது?" பெரியவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆஸ்பத்திரி வேலை போனா முதல்ல கவுழறது என் குடும்பம். அந்தப் பயம்தான் எனக்கு மேற்பார்வை. வேற ஆள் எதுக்கு?" நோட்டை மூடினார். "இப்ப உருளை நஷ்டத்தைவிட இந்த நஷ்டம் பெருசாப் போச்சு. நாளையிலேர்ந்து கோட்டு உனக்கு. இவ உருளைக்குப் போகட்டும். இனி ஒரு தடவை சரக்கு திரும்பிச்சுன்னா, மொத்த இஸ்திரியையும் பழையபடி வெளியே குத்தகைக்கு விட்டுருவேன். அப்புறம் பச்சையும் இல்ல, நீலமும் இல்ல."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பெரியவள் திறக்கவில்லை. சின்னவள் அங்கேயே கோட்டைக் கழற்றி, ஓரம் சேர்த்து மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். பெரியவள் வாங்கிக்கொண்டாள்.

பச்சை அவளுக்கு எடுத்துக்காட்டத்தான் செய்தது. முதல் நாள் அரை மணி நேரம்.

அதற்குப் பிறகு கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கட்டினால் போலீஸ் மாதிரி இருந்தது. முன்னால் கட்டினால் குளிரில் நிற்கிறவள் மாதிரி. பாக்கெட்டில் விடலாம் என்று பார்த்தால், அந்தப் புண்ணியத்தை அவளே கட்டிக்கொண்டிருந்தாள். தள்ளி நின்றபோது, பத்தொன்பது வருஷமாகத் தெரியாததெல்லாம் தெரிந்தது. ஒன்றாம் உருளையில் ஒருத்தி எப்போதும் கால் நொடி பிந்துகிறாள்; மற்றவள் அதை இழுத்து இழுத்துச் சமாளிக்கிறாள்; இரண்டு பேருக்கும் அது தெரியாது. யாருக்கு முதுகு வலி, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. முதல் வேலையாகச் சுவரில் ஏழாவது விதியைக் கோடு போட்டு அடித்தாள். "வாசனை மாறினா யாரையும் கேக்காதீங்க. நெம்புகோலைத் தட்டிட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள். "அதுக்கும் அனுமதி வேணுமா அக்கா?" என்று ஒருத்தி கிண்டலடித்தாள். தன் மருந்து தனக்கே கசந்தது.

மத்தியானம் திரும்பிய சரக்கு நோட்டைப் புரட்டினாள். ஒரு வருஷத்துப் பக்கங்கள் சின்னவளின் கோணல் எழுத்தில். கருகிய தலையணை உறை, பெரியவளின் உருளை. காரணம் என்ற கட்டத்தில் 'மேற்பார்வைக் குறை'. கோணிய விரிப்பு எட்டு. பெரியவளும் நெட்டையும் முட்டிக்கொண்ட வாரம் அது. 'மேற்பார்வைக் குறை'. பக்கம் பக்கமாக அதேதான். ஒரு நீலக் கோட்டின் பெயர்கூட அந்தக் கட்டத்தில் இல்லை. கடைசியில், தொண்ணூறு விரிப்புகள்: 'கூப்பிட்டும் போகவில்லை'.

நோட்டை மூடிவிட்டுக் கூடத்தைப் பார்த்தாள். இரண்டாம் உருளையில் சின்னவள், இடது மூலையில், அவளுடைய மூலையில். வலது பக்கம் நெட்டை. நெட்டை முழங்காலைக் கொஞ்சம் மடித்து நிற்கப் பழகியிருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. விரிப்பு நேராகப் போனது. சின்னவள் மூக்கால் ஏதோ சத்தம் எழுப்பினாள். குறட்டை. நெட்டை விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெரியவளுக்குத் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை எரிந்தது. இது பழைய எரிச்சல் இல்லை. அது கோட்டுக்காக எரிந்தது. அந்தக் கோட்டு இப்போது தோளிலேயே கிடக்கிறது. இது அதைவிடக் காரமாக இருந்தது. என் வீட்டுக் குறட்டையை இந்தப் பனைமரத்துக்கு எதற்கு நடித்துக்காட்டுகிறாள்?

சாயங்காலம் அடுப்படியில் பெரியவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, வெங்காயத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்னிக்கு ஈரமாப் போறது எனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

கத்தி நின்றது. "எப்படித் தெரியும்?"

"துணி விஷயத்துல நீங்க தெரியாமத் தப்பு பண்ணுவீங்களா? தொண்ணூறு விரிப்பு உங்க கையால ஈரமாப் போகுதுன்னா, தெரிஞ்சேதான் போகணும்."

"அப்புறம் ஏண்டி அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க. நாள் பூரா நீங்க வீட்டுல இருந்தா யாரு தாங்கறது?" சின்னவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். "உங்க கை தூக்கி இருந்ததையும் பாத்தேன். இன்னொரு ஈ விரட்டற கேள்வின்னு நெனச்சேன். அது என் தப்புதானே."

பெரியவள் வெங்காயத்தைக் காரணம் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோட்டைத் திருப்பி வாங்கிக்கோ. அம்மாகிட்ட நானே நடந்ததைச் சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! ஒரு வருஷம் பட்டது போதும். நான் இப்பத்தான் சிரிக்கறேன்."

"அதான் பாத்தேனே, நீ சிரிக்கற லட்சணத்தை" என்றாள் பெரியவள். "அந்தப் பாக்கெட்டையாவது பிரிச்சிருக்கலாம்ல? கையை வெக்க இடமில்லாம சாகறேன்."

"தையல் அவ்வளவு நல்லா இருந்துச்சு. பிரிக்க மனசு வரல."

மறுநாள் பெரியவள் முதலாளியம்மாவிடம் போய்ச் சொல்லத்தான் செய்தாள். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தெரியும். அதனாலதான் கோட்டு உன்கிட்ட. உருளையைக் கெடுக்கத் தெரிஞ்சவ வெளிய நின்னாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரியவள் கோட்டோடு மாட்டிக்கொண்டாள். வேறு வழியில்லை.

வேலை முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டாம் உருளையில் கடைசி விரிப்பு மிச்சம் இருந்தது. பெரியவள் கிட்டே போனாள்.

"நெட்டை, ஸ்டோர்ல போய் ஒரு கட்டுக் கயிறு எடுத்துட்டு வா."

"கயிறு இங்கயே இருக்கேக்கா?"

"மேற்பார்வையாளர் சொல்றேன். போ."

நெட்டை போனாள். அதிகாரம் கையில் இருந்தால் ஒரு விரிப்பு நேரத்துக்கு இதெல்லாம் செய்துகொள்ளலாம். பெரியவள் பச்சைக் கோட்டின் கையை முழங்கை வரை மடித்தாள். இடது மூலைக்குப் போய் நின்றாள். சின்னவள் தன் பழைய வலது மூலைக்கு நகர்ந்தாள்.

"மேற்பார்வையாளர் துணியைத் தொடக்கூடாதுக்கா. சுவத்துல எழுதியிருக்கு."

"வாயை மூடிக்கிட்டு மூலையைப் புடிடி" என்றாள் பெரியவள்.